நூலகத்திலும் கொடி ஏறட்டும்!

திருவண்ணாமலைக்குத் திருவிழா புதிது அல்ல. மாதம் தவறினாலும் பவுர்ணமி தவறாது. பவுர்ணமி வந்தால் கூட்டம் தவறாது. சித்திரை பவுர்ணமிக்கும் கார்த்திகை தீபத்துக்கும் லட்சக்கணக்கில் ஜனம் வந்து குவிகிறது. 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதையில் கால் வைக்க இடம் இருப்பது இல்லை.

வருகிறவர்களுக்கு எல்லா ஏற்பாடும் நடக்கிறது. ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் நிலையம். சிறப்பு பஸ். சிறப்பு ரெயில். தண்ணீர், அன்னதானம், ஆஸ்பத்திரி வண்டி. வெளி மாவட்டத்தில் இருந்தெல்லாம் போலீசார். இது நடக்க வேண்டியதுதான். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஆனால் உள்ளூர்க்காரனுக்கு என்ன நடக்கிறது?

மாட வீதியில் கடை வைத்திருப்பவர், ஆபீசில் பேனா பிடிக்கும் குமாஸ்தா, பஸ்சுக்கு நிற்கும் தொழிலாளி, இவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கூட்டம் வடிந்த மறுநாள் என்ன இருக்கிறது? சினிமா இருக்கிறது. செல்போன் இருக்கிறது. இரண்டுக்கும் காசு வேண்டும்.

காசு கேட்காமல், சாதி கேட்காமல், 'நீ யார் வீட்டுப் பிள்ளை' என்று கேட்காமல் உள்ளே விடுகிற இடம் ஒன்று ஊரில் உண்டு. அதுதான் அரசு பொது நூலகம்.

'நூலகமா? பெருசுங்க பேப்பர் படிக்கிற இடந்தானே!' என்று சொல்கிறவர்கள் பலர். அந்த நினைப்பை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

மே மாதச் செய்தி

பள்ளிக்கூடம் ஏப்ரல் கடைசியில் மூடுகிறது. ஜூனில்தான் திறக்கிறது. நடுவில் ஒரு மாதத்துக்கு மேல் பிள்ளைகள் சும்மா. அப்பா கடையில். அம்மா வேலையில். வீட்டில் பாட்டி மட்டும்.

ஒவ்வொரு மே மாதமும் மாலைப் பத்திரிகைகளில் தவறாமல் ஒரு செய்தி வரும். கிணற்றில் குளிக்கப் போன சிறுவன் பலி. கல்குவாரி குட்டையில் மூழ்கி அண்ணன்-தம்பி சாவு. ஏரியில் இறங்கிய மூன்று மாணவர்கள் பிணமாக மீட்பு. ஊர் பெயர்தான் மாறும். செய்தி மாறாது. தீயணைப்பு வீரர்கள் வருவார்கள். போலீசார் வழக்கு பதிவு செய்வார்கள். பிரேத பரிசோதனை நடக்கும். பெற்றோர் கதறி அழும் காட்சி கல்நெஞ்சையும் கரைக்கும்.

படிக்கிறவர்கள் 'த்சொ, த்சொ' என்பார்கள். 'பெத்தவங்க பாத்துக்கக் கூடாதா?' என்று கேட்பார்கள்.

பெற்றவன் பிழைப்பைப் பார்ப்பானா, பிள்ளையைப் பார்ப்பானா? வெயில் கொளுத்தும் மே மாதத்தில் பத்து வயசுப் பையனைப் பகல் முழுக்க வீட்டுக்குள் அடைத்து வைக்க எந்தத் தாயாலும் முடியாது. அவன் போக ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தில் நிழல் வேண்டும். பெரியவர் ஒருவர் கண் வேண்டும். வேடிக்கையும் வேண்டும்.

நூலகத்தில் இந்த மூன்றும் இருக்க முடியும். கோடை விடுமுறையில் தமிழ்நாட்டில் பல அரசு நூலகங்களில் குழந்தைகளுக்கு முகாம் நடத்துகிறார்கள். கதை சொல்கிறார்கள். ஓவியம், சதுரங்கம், காகிதத்தில் பொம்மை செய்வது என்று கற்றுத் தருகிறார்கள். நல்ல காரியம்.

ஆனால் ஒரு வாரமோ பத்து நாளோ நடத்தி, போட்டோ எடுத்து, சான்றிதழ் கொடுத்து முடித்துவிட்டால் மிச்ச நாளுக்கு என்ன வழி? கிணறு மே மாதம் முழுக்கத் திறந்துதானே கிடக்கிறது? முகாமும் பள்ளிக்கூடம் திறக்கும் வரை நடக்க வேண்டும். தினமும் இரண்டு மணி நேரம் நடந்தால்கூட போதும்.

பத்து பைசா

'இதுக்கெல்லாம் பணம் ஏது?' என்று அதிகாரிகள் கேட்கலாம். பணம் ஏற்கனவே வசூல் ஆகிறது. கொடுப்பவர்களுக்குத்தான் அது தெரியவில்லை.

1948-ம் ஆண்டு சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்த நேரம். சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் போட்ட முதல் மாகாணம் இதுதான். மற்ற மாநிலங்கள் எல்லாம் பின்னால் வந்தவை.

அந்தச் சட்டப்படி வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி வாங்குகிறார்கள். இப்போது ரூபாய்க்கு 10 பைசா கணக்கு. 2 ஆயிரம் ரூபாய் வரி கட்டுகிற வீட்டுக்காரர், நூலகத்துக்கு என்று 200 ரூபாய் கட்டுகிறார். கடைக்காரரும் கட்டுகிறார். வாடகைக்கு இருப்பவரும் வாடகைக்குள் அதைச் சேர்த்துத்தான் கொடுக்கிறார்.

வசூலிப்பது உள்ளாட்சி. செலவு செய்வது மாவட்ட நூலக ஆணைக்குழு. வசூலித்ததை ஆணைக்குழுவிடம் சேர்க்காமல் உள்ளாட்சிகள் பாக்கி வைப்பது தமிழ்நாட்டில் பல இடங்களில் பழைய கதை. பாக்கி நின்றால் புத்தகம் நிற்கும். விழாவுக்குப் போட வேண்டிய பாயும் பந்தலும் நிற்கும்.

திருவண்ணாமலை 1989-ம் ஆண்டு தனி மாவட்டம் ஆயிற்று. 2024-ம் ஆண்டு மாநகராட்சியும் ஆயிற்று. ஊர் பெரிதானால் வரியும் பெரிதாகும். அதில் நூலகத்தின் பங்கு எவ்வளவு, எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதை நூலக வாசலில் ஒரு பலகையில் எழுதி வைத்தால் என்ன? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ம் ஆண்டே வந்துவிட்டது. மனு போட்டுக் கேட்கும் நிலைமைக்குப் பொதுமக்களைத் தள்ளாமல், தாங்களாகவே எழுதிப் போடுவது அதிகாரிகளுக்கும் நல்ல பெயர்.

மாட்டு வண்டி

'நூலகம் என்றால் புத்தகம் கொடுக்க வேண்டும், வாங்க வேண்டும். கூத்தும் பாட்டும் எதற்கு?' என்று கேட்பவர்களும் உண்டு.

அவர்கள் ஒரு பழைய கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1931-ம் ஆண்டு மன்னார்குடியில் இருந்து ஒரு மாட்டு வண்டி புறப்பட்டது. அதில் நெல் மூட்டை இல்லை. புத்தகம் இருந்தது. மேலவாசல் கனகசபை பிள்ளை ஏற்பாடு செய்த நடமாடும் நூலகம் அது. கிராமம் கிராமமாகப் போயிற்று. வாசகன் வரட்டும் என்று காத்திருக்காமல் நூலகமே வாசகனைத் தேடிப் போயிற்று.

அந்தக் காலத்தில் இந்த வேலைக்குப் பக்கபலமாக இருந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்தவர். 1924-ம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். உலகமே அவரை இந்திய நூலகத் துறையின் தந்தை என்கிறது. எழுத்து தெரியாதவனுக்கும் நூலகத்தில் பாத்தியதை உண்டு, அவனுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று வாதாடியவர் அவர்.

படித்துக் காட்டுவது என்றால் என்ன? கதை சொல்வதுதானே! கூத்தும் அதைத்தானே செய்கிறது?

புரிசையை மறக்கலாமா?

இந்த மாவட்டத்துக்காரர்கள் தேடி வெளியே போக வேண்டியது இல்லை. செய்யாறு பக்கத்தில் புரிசை இருக்கிறது. தெருக்கூத்துக்குப் பேர்போன கிராமம். கண்ணப்ப தம்பிரான் வாழ்ந்த ஊர். சங்கீத நாடக அகாடமி விருது வாங்கிய கலைஞர் அவர். 2003-ம் ஆண்டு காலமானார். சென்னையில் கூத்துப்பட்டறை தொடங்கிய ந.முத்துசாமி, கூத்து என்றால் என்ன என்று கற்றுக்கொண்டது இவரிடம்தான்.

பாரதக் கதை ஆடிய அதே புரிசைக் குழு, கொலம்பியா நாட்டு எழுத்தாளர் மார்க்வெஸ் எழுதிய கதையையும் கூத்தாக ஆடியிருக்கிறது. மார்க்வெஸ் 1982-ம் ஆண்டு நோபல் பரிசு வாங்கியவர். எங்கோ எழுதிய கதை, புத்தகமாக வந்து, தமிழாகி, தெருக்கூத்தாக மாறியது. புத்தகத்துக்கும் கூத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று இனி யார் சொல்ல முடியும்?

பங்குனியில் தொடங்கி ஆடி வரை கிராமங்களில் திரவுபதி அம்மன் கோவில் பாரதக் கூத்து நடக்கும். அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் கலைஞர்களை நூலகத்துக்கு அழைக்கலாம். விடிய விடிய ஆட வேண்டாம். ஒரு மணி நேரம் போதும். வேஷம் கட்டுவது எப்படி, கிரீடம் செய்வது எப்படி என்று பிள்ளைகளுக்குக் காட்டலாம். பார்த்த பையன் மறுநாள் மகாபாரதப் புத்தகம் கேட்டு வருவான். கூலி வாங்கிய கலைஞர் வீட்டில் அடுப்பும் எரியும்.

சத்தமா? அமைதியா?

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது.

இன்றைக்கு எந்த அரசு நூலகத்துக்குப் போனாலும் காலையிலேயே டிபன் பாக்சோடு வந்து உட்காரும் வாலிபர்களையும் பெண்களையும் பார்க்கலாம். குரூப்-4, குரூப்-2, போலீஸ் தேர்வு என்று படிக்கிறவர்கள். கோச்சிங் சென்டருக்குக் கட்டப் பணம் இல்லாத வீட்டுப் பிள்ளைகள். பலர் கிராமத்தில் இருந்து பஸ் ஏறி வருகிறவர்கள். வீட்டில் படிக்கத் தனி அறை கிடையாது. ஒரு சர்க்கார் வேலை கிடைத்தால் ஒரு குடும்பமே கரையேறும். அவர்கள் காதுக்குப் பக்கத்தில் மைக் கட்டி, 'அடுத்ததாக வாழ்த்துரை வழங்க...' என்று முழங்கினால் கோபம் வருமா, வராதா?

அந்தக் கோபம் நியாயமானது. விழா வேண்டும் என்பதற்காக அந்தப் பிள்ளைகளின் அமைதியைக் கெடுக்கக் கூடாது.

அதற்காக விழாவே வேண்டாம் என்பதும் சரி அல்ல. நேரத்தைப் பிரித்துக்கொண்டால் தீர்ந்தது. காலை முதல் சாயங்காலம் 5 மணி வரை ஊசி விழுந்தாலும் கேட்கிற அமைதி. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் நிகழ்ச்சி. அதுவும் படிக்கும் கூடத்தில் வேண்டாம். முற்றத்திலோ, பக்கத்துப் பள்ளிக்கூடத்திலோ வைக்கலாம். குழாய் ஒலிபெருக்கி கூடவே கூடாது. மாசி, பங்குனி மாதங்கள் பரீட்சைக் காலம். அப்போது நிகழ்ச்சிக்கு லீவு விடலாம். பெரிய போட்டித் தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரமும் அப்படியே.

இன்னொன்று. இரவு 8 மணிக்கு நிகழ்ச்சி முடிந்தால் பெண் பிள்ளைகள் எப்படி வீடு போய்ச் சேருவார்கள்? நகைப் பறிப்பு, கேலி, பஸ் இல்லாத தவிப்பு இதெல்லாம் பெற்றவர்களுக்குத் தெரியாதா? பெண்களும் வர வேண்டும் என்று உண்மையிலேயே நினைத்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் வைக்க வேண்டும். இல்லையானால் விளக்கு வைக்கும் நேரத்துக்குள் முடிக்க வேண்டும்.

தேதி இடிக்கிறது

நாடு முழுவதும் நவம்பர் 14-ந் தேதி முதல் 20-ந் தேதி வரை தேசிய நூலக வாரம். நூலகங்களில் பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, புத்தகக் கண்காட்சி நடக்கும் வாரம். வருஷத்தில் பல நூலகங்களில் விழா என்று நடப்பதே அந்த ஒரு வாரந்தான்.

திருவண்ணாமலையில் அந்தத் தேதி பல வருஷம் தீபத்தோடு இடிக்கிறது. 2021-ம் ஆண்டு மகாதீபம் நவம்பர் 19-ந் தேதி. நூலக வாரத்தின் நட்டநடுவில்! 2023-ம் ஆண்டு தீபம் நவம்பர் 26-ந் தேதி. ஒன்பது நாள் முன்னால் 17-ந் தேதி கோவிலில் கொடி ஏறிவிட்டது. 2,668 அடி உயர மலையில் தீபம் ஏற ஊரே தயாராகும்போது, கட்டுரைப் போட்டிக்கு எந்தப் பிள்ளை வரும்? வந்தாலும் பஸ் எந்த ரோட்டில் திருப்பி விடப்படுகிறது என்று யாருக்குத் தெரியும்?

டெல்லியில் போட்ட தேதியை இங்கே கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற வேண்டியது இல்லை. தீபம் நவம்பரில் வரும் வருஷத்தில் நூலக வாரத்தைத் தீபம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். தீபத்து நாட்களில் நூலகம் சும்மா இருக்க வேண்டாம். மாட்டு வண்டி போன மாதிரி, தற்காலிக பஸ் நிலையம் பக்கம் ஒரு வண்டி நிறையப் புத்தகம் கொண்டு போய் நிறுத்தலாம். பஸ்சுக்காக மணிக்கணக்கில் காத்திருக்கும் ஜனம் புரட்டிப் பார்க்கட்டுமே!

2022-23-ம் ஆண்டில் பொது நூலகத் துறை பொருநை, வைகை, காவிரி, சிறுவாணி, சென்னை என்று ஐந்து இலக்கியத் திருவிழாக்கள் நடத்தியது. ஆற்றின் பெயரில் விழா நடத்தியது அழகு. ஆனால் தென்பெண்ணை என்ன பாவம் செய்தது? செய்யாறு என்ன பாவம் செய்தது? கலை இலக்கிய இரவு நடத்திப் பழகிய ஊர் திருவண்ணாமலை. எழுத்தாளர்களுக்கும் இங்கே பஞ்சம் இல்லை. வடக்கு மாவட்டங்களுக்கும் ஒரு விழா தந்தால் யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவது இல்லை.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள்

கேரளத்தில் 1945-ம் ஆண்டு பி.என்.பணிக்கர் என்ற பள்ளிக்கூட வாத்தியார் 47 நூலகங்களைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். இன்று அங்கே கிராம நூலகத்துக்குள்ளேயே பிள்ளைகளுக்கு ஓர் அமைப்பு, பெண்களுக்கு ஓர் அமைப்பு. நாடகமும் அங்கேதான், கூட்டமும் அங்கேதான். நூலகம் ஊர்க்காரர்கள் கையில் இருக்கிறது. அதனால் அது கவர்ன்மெண்டு ஆபீஸ் மாதிரி தூங்கி வழிவது இல்லை.

தமிழ்நாட்டிலும் வாசகர் வட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஊரில் நாலு நல்லவர்கள் சேர்ந்து நூலகத்துக்குத் துணை நிற்பதற்கான ஏற்பாடு அது. ஆயிரம் ரூபாய் கட்டினால் புரவலர் ஆகலாம். வீட்டுக்கே புத்தகம் கொண்டு போய்க் கொடுக்கத் தொண்டர்களைச் சேர்க்கும் 'நூலக நண்பர்கள்' திட்டமும் உண்டு. மாநிலத்தில் நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேல் பொது நூலகம் இருக்கிறது. இத்தனையும் இருந்து, விழா நடத்தும் பாரம் எல்லாம் ஒரே ஒரு நூலகர் தலையில் விழுகிறது. அவர் புத்தகம் கொடுப்பாரா? கணக்கு எழுதுவாரா? பிள்ளைகளுக்குக் கதை சொல்வாரா? ஆள் போடாமல் அவரை மட்டும் திட்டுவதில் அர்த்தம் இல்லை.

கடைக்காரர்களே, கேளுங்கள்!

திருவண்ணாமலை வியாபாரிகள் தர்மத்துக்குக் கை நீட்டத் தயங்காதவர்கள். பவுர்ணமி தோறும் அன்னதானம் நடக்கிறது. அதில் ஒரு கையளவு நூலகத்துக்கும் வந்தால் போதும். கோடை முகாமுக்கு மோர். போட்டியில் ஜெயித்த பிள்ளைக்கு ஒரு புத்தகம். கூத்துக்காரருக்குப் பஸ் சார்ஜும் சாப்பாடும். இதற்குப் பெரிய வசூல் வேண்டியது இல்லை.

வியாபாரிகளுக்கும் அதில் லாபம் உண்டு. 'உங்க அக்கவுண்டை பிளாக் பண்றோம்' என்று போன் வந்து பணத்தைப் பறிகொடுத்த புகார் இன்றைக்கு எந்தப் போலீஸ் நிலையத்தில் இல்லை? மாதம் ஒரு சாயங்காலம் போலீஸ் அதிகாரி ஒருவர் நூலகத்துக்கு வந்து, இப்படி ஏமாறாமல் இருப்பது எப்படி, ஏமாந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்வது எப்படி என்று சொல்லித் தரலாம். குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098. இந்த இரண்டு எண்ணும் நூலகச் சுவரில் பெரிய எழுத்தில் இருக்கட்டும். தண்ணீரில் விழுந்தவரை எப்படிக் காப்பாற்றுவது என்று தீயணைப்பு வீரர் ஒருவர் மே மாத முகாமில் செய்து காட்டட்டும். அந்த ஒரு மணி நேரம் ஓர் உயிரைக் காப்பாற்றினாலும் அந்த வருஷத்து நூலக வரி முழுவதும் வசூல் ஆன மாதிரி.

ஆக, கேட்பது இவ்வளவுதான். தையில் பொங்கலோடு திருவள்ளுவருக்கு ஒரு நாள். மாசி, பங்குனியில் பரீட்சைக்காக அமைதி. சித்திரை, வைகாசியில் பள்ளிக்கூடம் திறக்கும் வரை பிள்ளைகள் முகாம். ஆடியில் கூத்து. ஆகஸ்டு 12-ந் தேதி ரங்கநாதன் பிறந்த நாளில் நூலகருக்கு ஒரு மரியாதை. தீபம் முடிந்ததும் நூலக வாரம். இதை ஒரு தாளில் அச்சடித்துப் பஸ் நிலையத்திலும் பள்ளிக்கூடத்திலும் மார்க்கெட்டிலும் ஒட்ட வேண்டும். தெரிந்தால்தானே ஜனம் வரும்?

மாவட்ட நூலக ஆணைக்குழுவும், மாநகராட்சியும், வாசகர் வட்டமும், வியாபாரிகளும் ஒரு நாள் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் இந்தத் தாள் தயாராகிவிடும். அடுத்த கோடை விடுமுறைக்கு முன்பே உட்கார வேண்டும். ஏனென்றால், கிணறுகள் மூடிக் கிடக்கவில்லை.

உட்காருவார்களா?